மூன்று நீலக் கோடுகள்

தாளைத் தூக்கினால் தெரிந்துவிடும். மீன் படத்தின் மேல் போர்த்தியிருக்கிற அந்த மெல்லிய வெள்ளைத் தாளின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து இடப்பக்கமாகப் புரட்டவேண்டியதுதான், ஜெசிந்தா கொரைரா கடைசியாக ஒட்டுப்போட்ட இடம் நீலமாக இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். நீலமாக இருந்தால் பிழைத்தாள். இல்லையென்றால் இந்த ஒரு மீன் மட்டுமா, இந்த மூன்று நான்கு வருஷத்தில் அவள் கை வைத்த அத்தனை மீனும் சந்தேகத்துக்கு உரியவை ஆகிவிடும். அப்புறம் தூரிகையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டவேண்டியதுதான். ஆனால் கண்ணில் புரை எடுத்து, ஒரு மாதம் படுத்து எழுந்து வந்திருக்கிற மனுஷி, நாற்காலியில் உட்கார்ந்த கையோடு தாளைத் தூக்கவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லையே. முதலில் மேசையைத் துடைக்கலாம். துடைத்தாள். இசக்கி ஏற்கனவே துடைத்துத்தான் வைத்திருந்தாள். தூரிகைகளை அளவு பார்த்து அடுக்கலாம். அடுக்கினாள். ஜன்னல் வழியாகத் துறைமுகச் சாலையில் போகிற லாரிகளின் இரைச்சல் வந்தது, உப்புக்காற்று வந்தது, கீழே வாசலில் காட்சியகப் பொறுப்பாளர் சார் யாரோடோ போனில் பேசுகிற சத்தம் வந்தது. முத்து வியாபாரத்தில் கொழித்த குடும்பம் ஒன்று கட்டி, பிறகு ஊரைவிட்டுப் போகும்போது கடல் காட்சியகத்துக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போன மாடிவீடு இது. சங்கும் சிப்பியும் திமிங்கில எலும்பும் கீழே. மேலே, வடக்குப் பார்த்த இந்த அறையில், மீன்கள். தையல் விட்டுத் தனித்தனித் தாளாகிவிட்ட ஒரே ஒரு பெரிய புத்தகம். இருநூறு வருஷத்துக்கு முந்தையது, ஹாலந்தோ பிரான்சோ, முதல் பக்கம் கிழிந்து போனதால் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. அச்சடித்த கறுப்புக் கோட்டுக்கு மேலே ஒவ்வொரு மீனுக்கும் கையால் வண்ணம் தீட்டியது. அந்த மீன்கள்தான் இன்றைக்குச் சென்னைக்குப் போகப்போகின்றன, கண்காட்சிக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்குள் வண்டி வந்துவிடும். மேடம் நீங்க ஒருவாட்டி பார்த்து சரின்னு சொல்லிட்டா பெட்டியில வச்சிரலாம் என்று சார் காலையிலேயே சொல்லியாகிவிட்டது.

"வந்துட்டியளாக்கா, கண்ணு எப்பிடி இருக்கு?" என்று காலையில் படியேறும்போதே இசக்கி ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டாள். முப்பதைத் தாண்டியவள், இரண்டு பிள்ளைக்குத் தாய், இந்த அறையில் எட்டு வருஷமாக அடுத்த மேசைக்காரி. "நல்லா இருக்குட்டி, ஒம்மூஞ்சில இம்புட்டுப் புள்ளி இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றாள் ஜெசிந்தா. இசக்கி சிரித்தாள். சிரித்துவிட்டு உடனே பசை காய்ச்சுகிற அடுப்பின் பக்கம் போய்விட்டாள், அங்கே ஒன்றும் காய்ந்துகொண்டிருக்கவில்லை. வழக்கமாக அவள் வாய் ஓயாது. மாமியார் சொன்னது, சின்னவன் பள்ளிக்கூடத்தில் கடித்தது, பஸ்ஸில் கண்டக்டர் முறைத்தது எல்லாம் ஒரே மூச்சில் வரும். இன்றைக்கு அந்த மூச்சைக் காணோம். கண் ஆபரேஷன் ஆனவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைக்கிறாள் போல என்று ஜெசிந்தா எண்ணிக்கொண்டாள், நல்ல பெண்.

வலது கண்ணில்தான் லென்ஸ் வைத்திருக்கிறார்கள். இடதுக்கு இன்னும் மூன்று மாதம் போகட்டும் என்றுவிட்டார் டாக்டர். கட்டுப் பிரித்த அன்றைக்கு அவள் முதலில் பார்த்தது சுவரை. ஆஸ்பத்திரிச் சுவருக்கு இப்படியா வெள்ளையடிப்பார்கள், கண் கூசுகிற மாதிரி, என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்தால் சமையலறையும் வெள்ளை, புருஷன் லூர்துவின் தலையும் வெள்ளை, அந்த மனுஷனுக்கு இவ்வளவு நரைத்திருக்கிறது என்று யாருமே சொல்லவில்லையே. வலது கண்ணை மூடி இடதால் பார்த்தால் எல்லாம் பழையபடி தேத்தண்ணியில் முக்கி எடுத்தது போல இருக்கும். இடதை மூடினால் பளீரென்று. ரெண்டு நாள் சின்னப்பிள்ளை மாதிரி அதையே விளையாடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அலமாரியைத் திறந்தபோதுதான் விளையாட்டு நின்றது. அண்ணன் மகள் கல்யாணத்துக்கென்று எடுத்த பச்சைப் பட்டு, பாசிப்பச்சை, கடைக்காரனிடம் நாலு கட்டுப் பிரிக்கவைத்து இவளே கண்ணால் பார்த்து எடுத்த பச்சை, அது பச்சையாகவே இல்லை. "ஏங்க, இந்தச் சேல என்ன கலரு?" என்று கேட்டாள். லூர்து பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "நீலம்லா அது" என்றார். "பச்சைன்னுல்ல எடுத்தேன்?" "நீ பச்ச பச்சன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருந்த. பொம்பளைய கலருக்கு ஆயிரம் பேரு வச்சிருப்பிய, எனக்கென்ன தெரியும்." சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். சேலையை மடியில் போட்டுக்கொண்டு ஜெசிந்தா கட்டிலில் உட்கார்ந்தாள். சேலை போனால் போகிறது. பச்சை என்று நினைத்து நீலத்தைக் கட்டிக்கொண்டு கல்யாணத்தில் நின்றதால் யார் குடியும் முழுகிவிடவில்லை. ஆனால் அந்தச் சேலை எடுத்த அதே மாதத்தில்தான், அதே கண்ணால்தான், மேசை மேல் கிடக்கிற இந்த நீலக்கோட்டு மீனின் வயிற்றுக்கு அவள் நிறம் கலந்தாள். அன்றைக்கு உள்ளே விழுந்த பயம் இன்னும் எழுந்து போகவில்லை.

சரி, மற்ற மீன்களை முதலில் பார்த்துவிடுவோம். புதுக்கண்ணால் அவற்றை இன்னும் பார்க்கவே இல்லையே, அதுவும் ஒரு கடமைதானே. பெட்டியிலிருந்து முதல் படத்தை எடுத்துத் தாளை நீக்கினாள். கடமாடு. சதுரப் பெட்டி போல உடம்பு, நெற்றியில் கன்றுக்குட்டிக்கு முளைத்த மாதிரி இரண்டு கொம்பு, உடம்பெல்லாம் ஆறு மூலைக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு ஆரஞ்சுப் புள்ளி. இத்தனை வருஷம் அந்தப் புள்ளியை வெறும் புள்ளி என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் புள்ளியின் நடுவே இன்னொரு சின்னப் புள்ளி, ஊசி முனை அளவு, வெளிர்நீலம். ஒவ்வொன்றிலும். அடிப்பாவி, என்று வாய்விட்டுச் சொன்னாள், யாரை என்று தெரியாமல். யாருக்காக இதை வைத்தாள் அன்றைக்குத் தீட்டியவள், எவன் பார்க்கப்போகிறான் என்று வைத்தாள்? அடுத்தது பேத்தை. மூச்சை இழுத்து உப்பிக்கொண்டு, பந்தி முடிந்தும் இலைக்கு முன்னால் இருந்து எழ முடியாத மனுஷன் மாதிரி ஒரு முகம், சம்பந்தமே இல்லாமல் சிவப்பு உதடு. செத்த பேத்தையைச் சாராயத்தில் ஊறப்போட்டுக் கப்பலில் அனுப்பியிருப்பார்கள். அது நிறமெல்லாம் போய் வெளுத்துப் போய்ச் சேர்ந்திருக்கும். படம் வரைகிறவன் பாவம், உதடு என்றால் சிவப்புத்தானே என்று போட்டுவிட்டான். தப்புத்தான். ஆனால் என்ன அழகான தப்பு. எருமைநாக்கு மீனுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கம் என்பதை அவனால் நம்பவே முடியவில்லை போலிருக்கிறது, இந்தப் பக்கம் இரண்டு போட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அந்த ஓரத்தில் மூன்றாவதாக ஒன்றை லேசாகக் கோடு இழுத்துவைத்திருக்கிறான். பறவைக்கோலாவின் துடுப்புக்குச் சிறகு. நிஜமான சிறகு, இறகு இறகாக, புறாவுக்கு இருக்கிற மாதிரி. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரும், இன்றைக்குச் சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்தது. ஆபரேஷன் கண் சும்மாவே தண்ணீர் விடும், அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம். ஒவ்வொரு மீனின் கண்மணியில் மட்டும் ஒரு சொட்டுக் கோந்து வைத்திருந்தார்கள், ஈரம் காயாத கண் போலத் தெரியவேண்டும் என்று. வெளிச்சத்தில் தாளைச் சாய்த்தால் அந்தக் கண் மட்டும் மினுங்கும், ஏலத்தில் போட்ட மீன் இன்னும் சாகவில்லை என்பது போல. இருநூறு வருஷமாக அந்தக் கோந்து உதிரவில்லை. நாம் ஒட்டுகிற பசை இரண்டு மழைக்குத் தாங்குமா, யோசித்துப் பார்.

வரைந்தவன் ஒருவன். தீட்டியவர்கள் வேறு. அது ஜெசிந்தாவுக்குத் தெரியும், அந்தக் காலத்து வேலை முறை அப்படி. நீளமான மேசை ஒன்று, சுற்றிப் பெண்கள், சிறு பிள்ளைகளும் உண்டு. ஒருத்தி கையில் ஒரு நிறம்தான். மஞ்சள்காரி மஞ்சளை மட்டும் தீட்டிவிட்டுத் தாளைத் தள்ளுவாள், சிவப்புக்காரி சிவப்பை வைத்துவிட்டுத் தள்ளுவாள். நடுவே ஒரு மாதிரிப் படம் சார்த்திவைத்திருக்கும், அதைப் பார்த்துப் பார்த்துத் தீட்டவேண்டும். அவர்களில் யாரும் கடமாட்டைக் கண்டதில்லை. கடலையே கண்டிருப்பார்களோ என்னவோ. அந்த மேசையில் நீலம் யாரிடம் இருந்தது என்று ஜெசிந்தா அடிக்கடி நினைத்துக்கொள்வாள். நீலம்தான் விலை கூடிய நிறம், கண்டவளிடம் கொடுத்திருக்கமாட்டார்கள். கை சுத்தமானவளாக, நடுங்காதவளாகப் பார்த்துக் கொடுத்திருப்பார்கள். அந்த நீலக்காரி கோட்டைத் தாண்டியதே இல்லை. ஒரே ஒரு படத்தில், கடல்குதிரையின் வால் சுருளுகிற இடத்தில், அவள் தூரிகை முடி ஒன்று நிறத்தோடு ஒட்டிக்கொண்டு காய்ந்துபோயிருக்கிறது. அதை எடுக்கலாமா என்று ஒருமுறை சார் கேட்டபோது ஜெசிந்தா சண்டைக்கே போய்விட்டாள். அது அவளுடையது, இருந்துவிட்டுப் போகட்டும். பொறாமையும் உண்டு, இல்லாமல் என்ன. அவள் வைத்த நீலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நீலத்தை, வித்தியாசம் தெரியாமல், கொண்டுவந்து சேர்ப்பதுதான் ஜெசிந்தாவின் வேலை. அவள் தாண்டாத கோட்டை இவளும் தாண்டாமல். அவள் பெயர் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் ஒரே தட்டில் சாப்பிட்ட மாதிரி ஒரு உறவு. அவளுக்குத் துரோகம் செய்துவிட்டோமோ என்பதுதான் இப்போது பயம். சார் என்ன சொல்வார், சென்னைக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பதெல்லாம் அப்புறம்.

நீலக்கோட்டு மீனில் அவள் அடைத்த துளை, தாள் தின்கிற ராமபாணப் பூச்சி போட்டது. நீலமும் மஞ்சளுமாக உடம்பெல்லாம் கோடு ஓடுகிற தட்டை மீன், முகத்தில் கறுப்பு முகமூடி, திருடப்போகிற ராஜா மாதிரி இருக்கும். அதன் வயிற்றருகே ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை. பின்னாலிருந்து மெல்லிய தாள் வைத்து மாவுப்பசையால் ஒட்டி, அறுந்துபோன கறுப்புக் கோடுகளைப் பேனாவால் இழுத்துச் சேர்த்து, அப்புறம் நிறம். மஞ்சள் எளிதாக அமைந்துவிட்டது. நீலத்துக்குத்தான் ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. மூன்று கோடு துளையைக் கடந்து போகிறது, மூன்றும் இந்தக் கரையில் விட்ட நீலத்தை அந்தக் கரையில் போய்ப் பிடிக்கவேண்டும். கலந்து கலந்து, துண்டுத்தாளில் தேய்த்துத் தேய்த்து, காயவைத்து, பக்கத்தில் வைத்துப் பார்த்து, கடைசியில் ஒட்டின இடம் எது என்று தனக்கே தெரியவில்லை என்றானபோது அவள் எழுந்து நின்று சோம்பல் முறித்தாள். அன்றைக்கு முந்திரி மக்ரூன் வாங்கிவரச் சொல்லி எல்லாருக்கும் கொடுத்தாள். தனக்கே தெரியவில்லை. இப்போது அந்தச் சந்தோஷம்தான் முள்ளாகக் குத்துகிறது. தெரியாமல் போனது திறமையாலா, புரையாலா? நீலம் எது, பச்சை எது என்று சொல்லத் தெரியாத கண்ணுக்கு இரண்டும் பொருந்தித்தானே தெரியும். நீலப் பட்டைப் பச்சை என்று பார்த்த கண்தானே. இல்லை, அப்படி இருக்காது. கை அறியும், இருபத்தைந்து வருஷக் கை, கண் ஏமாந்தாலும் கை ஏமாறாது. கைக்கு எங்கே கண் இருக்கிறது, பைத்தியக்காரி. அப்படியே தப்பாக இருந்தாலும் யாராவது சொல்லியிருக்கமாட்டார்களா? சார் பார்த்தார். கண்காட்சிக்காகச் சென்னையிலிருந்து வந்த அம்மா பார்த்தார், பிரமாதம் என்றார். இசக்கி தினமும் பார்க்கிறாள், கழுகுக்கண், நூல் பிசகினாலும் கண்டுபிடிப்பாள். தப்பு இருந்தால் அவள் வாய் சும்மா இருக்குமா? இந்த நினைப்பில் ஜெசிந்தாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வந்த தெம்பு போவதற்குள் தாளைத் தூக்கிவிட்டாள்.

முதலில் ஒட்டு கண்ணில் படவில்லை. நீலம்தான் பட்டது. இப்படி ஒரு நீலம் இந்த மீனில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. மங்கிப்போன நிறம் என்றுதான் நினைத்திருந்தாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் அப்படித்தான் சொல்லியும் வந்திருந்தாள், வெயில் பட்டு மங்கிவிட்டது, அந்தக் காலத்தில் நன்றாக இருந்திருக்கும் என்று. எங்கே மங்கியது? தலையிலிருந்து வால்வரை ஒவ்வொரு கோடும் மழை விட்ட மறுநாள் கடல் போல அப்படியே கிடக்கிறது. கோட்டின் தொடக்கத்தில் அடர்ந்து, நடுவில் தெளிந்து, வாலருகே தண்ணீர் கூடிப் போகிறது. நீலக்காரி ஒரே தீற்றில் இழுத்திருக்கிறாள், கை எடுக்காமல். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இழுத்திருப்பாள். இங்கே, இந்த வளைவில், விட்டிருப்பாள். ஜெசிந்தாவும் மூச்சு விட்டாள். அதற்குப் பிறகுதான் வயிற்றைப் பார்த்தாள். மூன்று கோடும் நீலமாக வந்து, ஒரு ரூபாய் அகலத்துக்குப் பச்சையாகி, மறுபடி நீலமாகப் போய்க்கொண்டிருந்தன. லேசான பச்சைகூட இல்லை. கிணற்றுப் படிப் பாசி. வாசலில் நின்று பார்த்தால்கூடத் தெரியும். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடதால் பார்த்தாள்: ஒட்டும் இல்லை, ஓட்டையும் இல்லை, அருமையான வேலை. கையை மாற்றினாள்: பாசி. இன்னொரு தடவை மாற்றிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இசக்கி."

"சொல்லுங்கக்கா." குரல் பக்கத்திலேயே கேட்டது. அவள் எப்போதோ வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"இது என்ன கலருட்டி?"

இசக்கி முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"நீங்க ஒட்டுன அன்னைக்கே பாத்தேன்க்கா."

"பாத்துட்டு மக்ரூனத் தின்னுட்டுப் பேசாம இருந்தியாக்கும்."

"எப்பிடிக்கா சொல்ல? நீங்க கலந்தது தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. எனக்குத்தான் கண்ணுல என்னமோ ஆயிட்டுன்னு நெனச்சேன். பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போயிச் சோதிச்சுப் பாத்தேன். எழுத்தெல்லாம் வாசிக்கச் சொன்னாவ, கலர் கலரா புள்ளி வச்ச படமெல்லாம் காட்டுனாவ. ஒண்ணுமில்ல, நல்ல கண்ணுன்னுட்டாவ. அப்பவும் எனக்கு நம்பிக்க வரலக்கா."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சு எரிகிற நேரத்தில் இப்படி ஒரு சிரிப்பு வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நல்ல கண்ணை வைத்துக்கொண்டு, கெட்ட கண்காரிக்குப் பயந்து, டாக்டரிடம் போய் நின்றிருக்கிறாள். ஆனால் இசக்கி சிரிக்கவில்லை. இன்னும் ஏதோ இருக்கிறது என்று அவள் நின்ற நிலையே சொன்னது.

"என்னட்டி?"

"அதுக்கப்புறம் நான் செஞ்சேன்லாக்கா, வண்ணாத்திமீனு, கிளிமீனு..." இசக்கி பெட்டியின் பக்கம் கையைக் காட்டினாள். "நீலம் வந்த எடத்துல எல்லாம் நீங்க போட்ட மாதிரியே போட்டுட்டேன். எனக்கு நீலமாத்தான் தெரிஞ்சிச்சு. ஆனா அக்கா பச்சைல்லா போட்டிருக்காவ, அதுதான் சரியா இருக்கும்னு பச்சையே கலந்து போட்டேன்."

ஜெசிந்தா அவளைப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. வெட்கம் வந்தது, வந்து தலையிலிருந்து கால்வரை இறங்கியது. தன் புரை தன்னோடு போயிருந்தால் தேவலை. எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சார், மீனு இன்னைக்குப் போகாது."

"என்ன மேடம் சொல்லுதிய, வண்டி வந்து வாசல்ல நிக்கி."

"நிக்கட்டும் சார். எனக்குக் கண்ணு தெரியாம நான் பண்ணுன தப்பு உள்ள கெடக்கு. அத எடுத்துட்டுத்தான் அனுப்ப முடியும்."

கீழே சார் வண்டிக்காரனிடம் டீ குடிக்கிறீரா என்று கேட்பது கேட்டது. ஜெசிந்தா திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஈரத் தூரிகையால் ஒட்டின ஓரத்தைச் சுற்றி நனைத்தாள், மாவுப்பசை இளகும்வரை காத்திருந்தாள், இடுக்கியால் அந்தப் பச்சை வட்டத்தை மெல்லத் தூக்கி வெளியே வைத்தாள். மீன் வயிற்றில் பழைய ஓட்டை வந்துவிட்டது. ஓட்டையைச் சுற்றி நீலக்காரியின் கோடுகள் அறுந்துபோய் நின்றன, அறுந்தும் அழகாக. இத்தனை நாளும் இதைப் பார்க்காமல் இதன்மேல் வேலை செய்திருக்கிறோமே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. ஆனால் பார்த்துவிட்டோம் என்பது அதைவிடப் பெரிதாக இருந்தது. அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"எனக்கு இன்னும் ஒரு கண்ணு பாக்கி இருக்கு," என்றாள். "அது சரியாகுறவரைக்கும் நீலத்த நீ கலக்கு. எடு கிண்ணத்த."

இசக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப்போட்டாள். நீலக்கட்டியைத் தண்ணீர் விட்டு உரைத்தாள், கறுப்பில் ஒரு துளி, துண்டுத்தாளில் ஒரு தீற்று, ஊதிக் காயவைத்தாள். எட்டு வருஷப் பழக்கத்தில் தாளை ஜெசிந்தாவின் பக்கமாகத் திருப்பி நீட்டினாள்.

"சரியாக்கா?"

ஜெசிந்தாவின் உள்ளங்கை தானாக இடது கண்ணுக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டு கையை மடியில் இறக்கினாள்.

"என்னையக் கேக்காத. மீனப் பாரு."

இசக்கி குனிந்து மீனைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். மறுபடி மீனைப் பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல் இன்னும் ஒரு பொட்டு நீலம் எடுத்தாள்.